நல்ல பக்கமா, கெட்ட பக்கமா?

வேளச்சேரி விஜயநகர் சந்திப்பில் சிக்னல் பச்சைக்கு மாறிய நொடியில் என் எலக்ட்ரிக் சைக்கிளின் திரையில் 30 என்ற எண் மின்னியது. பெடலை அழுத்தினேன். மோட்டார் அசையவில்லை. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் ஒலி எழுப்பத் தொடங்கினார். நான் இறங்கி, வண்டியை நடைபாதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நவம்பர் மாத மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மோட்டார், பாட்டரி எல்லாம் சேர்த்து இருபத்து நான்கு கிலோ எடையுள்ள ஒரு சைக்கிளை வேளச்சேரியிலிருந்து மடிப்பாக்கம் வரை கால் பலத்தால் மட்டும் மிதித்து வந்தால் தெரியும், அந்த மோட்டார் இத்தனை நாளும் எவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்தது என்று.

30 என்றால் என்ன என்பதை வீட்டுக்கு வந்து கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திரைக்கும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று பொருள். ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் சமையல் நின்றுவிடுவதைப் போல, திரை "மூன்றாம் நிலை உதவி கொடு" என்று சொல்லாதவரை கன்ட்ரோலர் மோட்டாருக்கு எதையும் கொடுக்காது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது கடையில் முழுதாக வாங்கியதன்று. பழைய கியர் சைக்கிளில் 36 வோல்ட் பாட்டரி, பின்சக்கரத்தில் ஒரு மோட்டார், கைப்பிடியில் ஒரு சின்னத் திரை என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் பொருத்திக்கொண்டது. கிண்டித் தொழிற்பேட்டையில் இருக்கும் அச்சகத்துக்குக் கணக்கு எழுதப் போய்வர அதுவே போதும். 250 வாட்டுக்குக் குறைவான திறன், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்ற வரம்புக்குள் இருக்கும் வண்டியை நம் மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவு எண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். வாங்கியபோது இதை ஒரு பெரிய வசதியாக நினைத்தேன். பழுதானபோதுதான் இதன் மறுபக்கம் தெரிந்தது. சைக்கிள் கடையில் "இது கரண்டு வேலை சார்" என்கிறார்கள். எலக்ட்ரிகல் கடையில் "இது சைக்கிள் ஆயிற்றே" என்கிறார்கள். ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

உண்மையில் பழுது தொடங்கியது செப்டம்பரில், ஒரு பஞ்சரில்.

பின்சக்கரம் பஞ்சர். எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் சைக்கிளை வாங்கினார், ஒரே தூக்கில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஆயுள் முழுக்க எல்லாச் சைக்கிளையும் அவர் அப்படித்தான் கவிழ்த்திருக்கிறார். கைப்பிடியில் யாராவது தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பார்கள் என்று அவர் எதற்கு எதிர்பார்க்க வேண்டும்? மொத்த எடையும் திரையின் விளிம்பில் இறங்கியது. திரை உடையவில்லை. ஆனால் அதிலிருந்து இறங்கும் கேபிள் தரைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டி, இழுபட்டு, வழியில் இருந்த பச்சை நிறக் கனெக்டர் பாதி வெளியே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைக் கவனித்தேன். கட்டைவிரலால் அழுத்தினேன். முழுதாகப் போகவில்லை. பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் லேசாகத் திருகி அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. திரையும் எரிந்தது. நன்றாகச் சரிசெய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமிதம் வேறு.

அந்தத் திருகல்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

எலக்ட்ரிக் சைக்கிள்களில் வரும் இந்த வட்டக் கனெக்டர்களை ஹிகோ என்றும் ஜூலெட் என்றும் சொல்வார்கள். இரண்டும் தயாரிப்பாளர்களின் பெயர்கள். சுண்டுவிரல் பருமன்கூட இராது. இப்படிப் பொருத்திக்கொள்ள விற்கும் பெரும்பாலான கிட்களில் நிறமே அடையாளம்: பிரேக்குக்குச் சிவப்பு, ஆக்சிலரேட்டருக்கு மஞ்சள், திரைக்குப் பச்சை. பச்சையில் ஐந்து ஊசிகள். இரண்டு பாதிகளின் மேலும் ஒவ்வோர் அம்புக்குறி இருக்கும். அம்பும் அம்பும் நேருக்கு நேர் பார்க்க வைத்து, நேராக அழுத்த வேண்டும். எடுக்கும்போதும் நேராக இழுக்க வேண்டும். திருகுவது என்ற செயலுக்கே இதில் இடமில்லை. ஊசிகள் தையல் ஊசியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அம்பு விலகிய நிலையில் திருகி அழுத்தினால், துளையைக் கண்டுபிடிக்காத ஊசி எங்காவது மடங்கித்தான் ஆக வேண்டும்.

என்னுடையதில் ஒன்று மடங்கியிருக்கிறது. மடங்கியபடியே துளையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டு மாதம் வேலையும் செய்திருக்கிறது. இதற்கிடையில் அக்டோபரில் இன்னோர் அறிகுறியும் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் திரை அணைந்துவிடும். பொத்தானை அழுத்தினால் மறுபடியும் எரியும். பாட்டரியின் தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று எண்ணி, பாட்டரி மாட்டும் தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

30 தோன்றிய அன்று இரவு கனெக்டரைப் பிரித்தேன். உள்ளே நீலம் கலந்த பச்சைக் களிம்பு. ஐந்தில் ஓர் ஊசி பக்கத்து ஊசியின்மேல் சாய்ந்து கிடந்தது. இன்னோர் ஊசி நேராகத்தான் நின்றது, ஆனால் அரிக்கப்பட்டு மற்றவற்றின் பாதிப் பருமனுக்கு இளைத்துப்போயிருந்தது. இத்தனைக்கும் இந்தக் கனெக்டர் தண்ணீர் புகாதது என்று சொல்லி விற்கப்படுவது. அது பொய்யுமில்லை. இரண்டு பாதிகளும் முழுதாகப் பொருந்தி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அழுந்தினால் தண்ணீர் புகாது. இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றால் அது வெறும் குழாய்.

அந்த ஓர் ஊசி மட்டும் ஏன் இளைத்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை அந்த ஐந்து கம்பிகளின் வேலையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் இந்தக் கேபிளில் கை வைக்கக் கூடாது.

என் வண்டியில் திரைக்கு வரும் கம்பிகள் சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, மஞ்சள். சிவப்பில் வருவது பாட்டரியின் முழு வோல்ட். 36 வோல்ட் பாட்டரி என்று பெயரே தவிர, முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அது 42 வோல்ட். கறுப்பு நெகட்டிவ். நீலம்தான் சுவாரசியமானது. திரையில் இருக்கும் பொத்தானை அழுத்தும்போது, சிவப்பில் வந்த மின்சாரம் திரைக்குள் போய், நீலத்தின் வழியே கன்ட்ரோலருக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் கன்ட்ரோலர் கண்விழிக்கிறது. ஆக, அந்தப் பொத்தான் வெறும் விளக்குப் பொத்தான் இல்லை, வண்டியின் சாவியே அதுதான். பச்சையும் மஞ்சளும் பேச்சுக்கம்பிகள்: ஒன்றில் திரை பேசும், மற்றொன்றில் கன்ட்ரோலர் பேசும். அவற்றில் ஓடுவது ஐந்து வோல்ட் அளவுக்குள்ளான சைகை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு கம்பி கிடைக்கிறது. சிவப்போ கறுப்போ அறுந்தால் திரை செத்த மீன் கண்போல் இருக்கும். நீலம் அறுந்தால் திரை எரியும், ஆனால் கன்ட்ரோலர் உறக்கம் கலையாது. பேச்சுக்கம்பிகளில் ஒன்று அறுந்தால் திரை எரிந்து, சற்றுப் பொறுத்துப் பிழை எண் வரும். வேகத்தடையில் திரை அணைந்தது இளைத்த சிவப்பு ஊசியின் வேலை. விஜயநகரில் வந்த 30, மடங்கிய மஞ்சள் ஊசியின் வேலை. நான் துடைத்த தண்டவாளத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சிவப்பு ஏன் அரித்தது? திரையை அணைத்தாலும் சிவப்புக் கம்பியில் மின்சாரம் நிற்பதில்லை. பொத்தான் திரைக்குள் இருப்பதால், பொத்தான் வரைக்கும் பாட்டரி எப்போதும் வந்து நின்றுகொண்டிருக்கிறது. கனெக்டருக்குள் ஒரு சொட்டு மழைநீர் இருந்தால், அந்தச் சொட்டுக்குள் சிவப்பு ஊசிக்கும் கறுப்பு ஊசிக்கும் நடுவே நாற்பது வோல்ட் இரவு முழுக்க வேலை செய்கிறது. பள்ளியில் காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு தகடுகளை நட்டு மின்சாரம் விடுவார்களே, அதே மின்னாற்பகுப்பு. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து நீரில் இறங்கும். நான் வண்டியை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டுத் தூங்கிய ஒவ்வோர் இரவும் அந்த ஊசி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தியதும் பாட்டரியின் சாவியையும் அணைத்துவிட வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றேன். நான்கு ஆண்டுகளாக அந்தச் சாவி எதற்கு என்றே யோசித்ததில்லை.

மடங்கிய ஊசியை நிமிர்த்தப் பார்த்தேன். குச்சி நுழைத்து எழுதும் மெக்கானிக்கல் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, அதன் உலோக மூக்கை ஊசியின்மேல் தொப்பிபோல் மாட்டி மெல்ல நிமிர்த்துவது நல்ல வழி. நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நேராக இருந்தால் அழகாக இருக்குமே என்று இரண்டாம் முறை தொட்டேன். பட்டென்று முறிந்து பென்சில் மூக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. பித்தளை மடங்கும்போதே இறுகிவிடும். ஒருமுறை மடங்கி ஒருமுறை நிமிர்ந்ததற்கு மூன்றாம் முறை பொறுமை இருக்காது. முதல் நிமிர்த்தலோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை சில மாதம் ஓடியிருக்கும். ஆனால் இளைத்த சிவப்பு ஊசி எப்படியும் ஒரு நாள் காலை வாரியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கிட் விற்பவர்களிடம் போன் செய்து கேட்டேன். கனெக்டர் தனியாக வராது, திரையும் கேபிளும் ஒரே உருப்படி, 4,800 ரூபாய், வர மூன்று வாரம் என்றார்கள். திரைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு சட்டையில் பொத்தான் அறுந்தால் சட்டையை மாற்று என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்க வாயெடுத்து, போனில் பேசிய பெண் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருக்கும் என்று தோன்றியதால், நன்றி சொல்லி வைத்துவிட்டேன். தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்காரர், "கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பியோடு கம்பியை முறுக்கி டேப் சுற்றிவிடலாம் சார்" என்றார். வேலை நடக்கும்தான். ஆனால் அடுத்த முறை யாராவது வண்டியைக் கவிழ்த்துக் கேபிள் இழுபட்டால், கழன்று கொடுக்க ஒரு கனெக்டர் இருக்காது. திரைக்குள்ளிருந்தே கம்பி பிய்ந்து வரும். செப்டம்பரில் அந்தக் கனெக்டர் பாதி வெளியே வந்தது உண்மையில் அது தன் கடமையைச் செய்தது. கெடுத்தவன் நான்.

சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். சென்னையில் மின்னணுப் பொருள் தேடும் எவரும் ஒரு நாள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஆளும் வண்டியும் ஒரே அகலத்துக்குப் போட்டியிடும் சந்துகள், தள்ளுவண்டியில் குவியலாகக் கிடக்கும் சார்ஜர்கள், தலைக்கு மேல் தொங்கும் கேபிள் சுருள்கள். முறிந்த கனெக்டரைப் போனில் படமெடுத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் கடைக்காரர் பழைய கணினி விசைப்பலகையில் வரும் வட்டக் கனெக்டரை எடுத்து வைத்தார். இரண்டாமவர் திருகுமறை உள்ள உலோகக் கனெக்டரைக் காட்டினார்; "ஏவியேஷன் கனெக்டர், யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது" என்றார். யானை மிதித்தால் ஆகாதுதான், மழை பெய்தால் ஆகும். அந்த வகைக்குப் பெரும்பாலும் நீர்த்தடுப்பு கிடையாது. நான்காவதோ ஐந்தாவதோ கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் இருந்த படத்தைப் பார்த்தவர், "இது தனியாகக் கிடைக்காது சார். எக்ஸ்டென்ஷன் கேபிள் இருக்கிறது, ஒரு முனை ஆண், ஒரு முனை பெண். நடுவில் வெட்டினால் உங்களுக்கு இரண்டு பாதியும் ஆயிற்று" என்றார். அறுபது சென்டிமீட்டர் கேபிள், 350 ரூபாய். அவர் சொன்ன பிறகு இவ்வளவு எளிய வழி நமக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. கூடவே சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மூன்று அளவுகளில், ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் சின்ன டப்பா, சிலிக்கான் கிரீஸ் ஒரு டியூப். சால்டரிங் அயர்ன் வீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அவளுடைய வெட்டும் மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கித் தந்தாள். ஈயம் ஒரு சொட்டு விழுந்தாலும் மேசையைவிட்டு இறங்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதலில் பாட்டரியைக் கழற்றி வேறு அறையில் வைத்தேன். கழற்றினால் மட்டும் போதாது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். பழைய கனெக்டர் தொட்டும் தொடாமலும் இருந்ததால் பொத்தானை அழுத்தி வெளியேற்ற வழியில்லை. மல்டிமீட்டரைக் கன்ட்ரோலர் பக்கத்துத் துளைகளில் வைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். எண் மெல்ல இறங்கி, ஒரு வோல்ட்டுக்குக் கீழே போன பிறகுதான் வெட்டுக் குறடை எடுத்தேன். இரண்டு பக்கத்துப் பழைய கனெக்டர்களையும் பத்து சென்டிமீட்டர் வாலோடு வெட்டினேன். அந்த வால் முக்கியம். எந்தக் கம்பி எந்த ஊசிக்குப் போகிறது என்பதற்கு இனி அது ஒன்றே சாட்சி.

வெளியுறையைச் சீவி, கம்பிகளைப் பிரித்ததும் இன்னொரு சிக்கல். சிவப்புக் கம்பியின் உள்ளே செம்பு இழைகள் செம்பு நிறத்தில் இல்லை. கறுத்திருந்தன. கனெக்டரில் புகுந்த நீரை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், இழைகள் உறைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. உருண்டு உருண்டு விழும். சுரண்டிப் பார்ப்பதில் பயனில்லை. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். திரைப் பக்கத்தில் ஏழு சென்டிமீட்டர் போன பிறகு பளிச்சென்ற இழை வந்தது. புதுக் கேபிளில் நீளம் மிச்சம் இருந்ததால் பரவாயில்லை.

புதுக் கேபிளை நடுவில் வெட்டினேன். உள்ளே பழுப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை, பச்சை. பழையதில் சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, மஞ்சள். இரண்டிலும் பச்சை இருக்கிறது. பச்சையோடு பச்சையைச் சேர்க்கத்தான் கை போகும். மீட்டரை வைத்துப் பார்த்தபோது, பழைய பச்சை போய்ச்சேரும் ஊசி வேறு, புதிய பச்சை போய்ச்சேரும் ஊசி வேறு. கேபிள் தயாரிப்பவர்களுக்குள் நிற ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நிறத்தை நம்பாதே, ஊசியை நம்பு என்று தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன்.

பேச்சுக்கம்பிகளில் இன்னொரு பொறியும் உண்டு. வரைபடங்களில் அனுப்புவது, வாங்குவது என்று பெயர் எழுதியிருப்பார்கள். திரை அனுப்புவதைத்தான் கன்ட்ரோலர் வாங்குகிறது. ஆக ஒரே கம்பிக்கு இந்த முனையில் ஒரு பெயர், அந்த முனையில் அதற்கு எதிர்ப்பெயர். பெயரைப் பார்த்து "அனுப்பு"வோடு "அனுப்பு"வைச் சேர்த்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வார்கள். இதிலும் ஊசியின் இடம்தான் கணக்கு.

சரி, ஊசியின் இடம். பழைய ஆண் பாதியின், அதாவது ஊசிகள் இருக்கும் பாதியின், முகத்தைப் பார்த்து, அம்புக்குறியை மேலே வைத்து, ஒரு வட்டமும் ஐந்து புள்ளிகளும் வரைந்தேன். மீட்டரின் ஒரு முனையை ஊசியில் வைத்து, மறு முனையை வாலில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு, இணைப்பு உண்டு என்று மீட்டர் பீப் கொடுத்த இடத்தில் நிறத்தை எழுதினேன். முறிந்த ஊசியின் அடிக்கட்டையைத் தையல் ஊசியால் தொட்டுச் சோதித்தேன். பிறகு புதிய பெண் பாதியை எடுத்து, அதையும் முகம் பார்த்து, அம்பை மேலே வைத்து, இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் இருக்கும் புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்தேன். சிவப்புக்கு வெள்ளை, நீலத்துக்குப் பச்சை என்று ஓர் அட்டவணையும் வந்துவிட்டது. அயர்னை ஏற்றினேன்.

பக்கத்தில் ரவிக்கைத் துணியில் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இது நல்ல பக்கமா, கெட்ட பக்கமா?"

"எது?"

"இந்த இரண்டாவது வட்டம். துணியில் நல்ல பக்கத்தில் கோடு போட்டால் இடது கை இடது கைதான். திருப்பிக் கெட்ட பக்கத்தில் போட்டால் இடது கை வலது கையாகிவிடும். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தீர்கள்?"

இரண்டையும் முகத்திலிருந்து பார்த்துத்தான் வரைந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே வயிற்றில் ஏதோ நழுவியது. ஆண் பாதியும் பெண் பாதியும் ஒன்றையொன்று நேர் எதிரே பார்த்து நிற்பவை. எதிரே நிற்பவரின் வலக்கை என் இடப்பக்கம் வரும். ஊசி முகத்தில் வலப்பக்கம் இருப்பது, துளை முகத்தில் இடப்பக்கம். நான் வரைந்த இரண்டாவது வட்டம் கண்ணாடியில் தெரியும் பிம்பம். அந்த அட்டவணைப்படி ஒரு பக்கத்தையும் சரியான கணக்கில் மறுபக்கத்தையும் பற்றவைத்திருந்தால், சிவப்பில் வரும் 42 வோல்ட் நேராகப் போய் மஞ்சள் பேச்சுக்கம்பியில் இறங்கியிருக்கும். ஐந்து வோல்ட்டுக்குப் பழகிய சில்லுக்கு நாற்பத்திரண்டு. திரை, கன்ட்ரோலர் இரண்டும் ஒரே நொடியில், புகைகூட அதிகம் வராமல், முடிந்திருக்கும். அப்போது 4,800 ரூபாய் மலிவாகத் தெரிந்திருக்கும்.

தாளைக் கிழித்தேன். இந்த முறை வரைபடமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். புதிய ஆண் பாதியையும் பழைய பெண் பாதியின் வெட்டிய தலையையும் ஒன்றோடொன்று செருகினேன். புதிய பெண் பாதியைப் பழைய ஆண் தலையோடு செருகினேன். இப்போது ஒரு பக்கம் பழைய வால், மறுபக்கம் புதிய வால். நடுவில் எது எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் கவலையில்லை. பழைய வாலில் சிவப்பைத் தொட்டு, புதிய வாலில் எதைத் தொட்டால் பீப் வருகிறது என்று பார்த்தால் போதும். பழுப்பில் வந்தது. முறிந்த மஞ்சள் ஊசி மட்டும் பீப் கொடுக்கவில்லை. நான்கு தெரிந்த பிறகு ஐந்தாவதை ஊகிக்க மீட்டர் வேண்டியதில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

பற்றவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு விஷயங்களைத் தவிர. ஐந்து இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல், ஒவ்வொரு கம்பியையும் ஒன்றரை சென்டிமீட்டர் முன்பின்னாக வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டினால் ஓர் இணைப்பின் உறை கிழிந்தாலும் பக்கத்தில் தொடுவதற்கு வெறும் செம்பு இருக்காது. கேபிளும் ஓரிடத்தில் வயிறு உப்பாது. இரண்டு கம்பிகளையும் இணையாகப் பிடித்து ஜடைபோல் முறுக்காமல், எதிரெதிரே வைத்து, ஒன்றின்மேல் மற்றொன்றைச் சுற்ற வேண்டும். தந்திக் காலத்து லைன்மேன்கள் செய்த முறை இது. வெஸ்டர்ன் யூனியன் முறுக்கு என்று இன்றும் அதற்குப் பெயர். முறுக்கே இழுவையைத் தாங்கும், ஈயம் அதற்குக் காவல் மட்டும்.

பற்றவைப்பதா, கிரிம்ப் செய்து நசுக்குவதா என்று ஒரு வழக்கு உண்டு. அதிர்வு இருக்கும் வண்டியில் ஈயம் ஏறிய இழைகள் விறைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் நாளடைவில் முறியும் என்பது கிரிம்ப் கட்சியின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் தலைமுடிபோன்ற இழைகள் கொண்ட இந்தக் கம்பிக்குப் பொருத்தமான கிரிம்பும் அதற்கான குறடும் என்னிடம் இல்லை. அதனால் இணைப்புகள் கைப்பிடி திரும்பும் வளைவில் விழாமல், சட்டத்தோடு நேராகக் கட்டப்படும் பகுதியில் விழுமாறு நீளத்தை அமைத்துக்கொண்டேன். அசையாத இடத்தில் விறைப்பாக இருந்தால் என்ன?

ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் அயர்ன் அதைவிட வெகு சூடு. இரண்டு நொடிக்கு மேல் தாமதித்தால் கம்பியின் உறை சுருங்கிப் பின்வாங்கிவிடுகிறது. முதல் இணைப்பில் அது நடந்தது. மூன்றாவதிலிருந்து கை படிந்தது.

திரைப் பக்கம் ஐந்தும் முடிந்து, ஐந்து சின்னக் குழாய்களையும் நகர்த்தி, தீக்குச்சியால் சுருக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேசையில் பெரிய குழாய் ஒன்று பாக்கி இருந்தது. ஐந்து இணைப்புகளையும் சேர்த்து மூடும் வெளிக்குழாய். அதை முதலிலேயே கேபிளில் கோத்திருக்க வேண்டும். இப்போது ஒரு முனையில் திரை, மறு முனையில் கனெக்டர். இரண்டும் அதன் வழியே நுழையாது. ரிச்சி தெருவில் இதை ஸ்லீவ் என்றுதான் சொல்வார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் தையல் மெஷின் நின்றுவிட்டது. "ஸ்லீவ் வைக்காமல் ரவிக்கை தைத்து முடித்துவிட்டீர்களா?" அந்தப் பக்கத்தை ரப்பர் டேப்பால் இழுத்து இழுத்துச் சுற்றிச் சமாளித்தேன். கன்ட்ரோலர் பக்கத்துக்கு ஸ்லீவை முதலில் கோத்தேன். அது இப்போதும் கடையில் வாங்கியதுபோல் இருக்கிறது. திரைப் பக்கம் மலைப்பாம்பு எலியை விழுங்கியதுபோல் இருக்கிறது.

பாட்டரியை மாட்டும் முன் சோதனை. ஐந்து கம்பிகளுக்கும் முனைக்கு முனை பீப் வர வேண்டும். அதைவிட முக்கியம், வரக்கூடாத இடத்தில் வரக்கூடாது. ஐந்து துளைகளில் எந்த இரண்டை எடுத்தாலும், மொத்தம் பத்து இணை. புதிய கனெக்டர்கள் சேராமல் தனித்தனியே இருக்கும்போது பத்தையும் தொட்டுப் பார்த்தேன். எங்கும் முழுப் பீப் இல்லை. பிறகு திரையைச் செருகாமலேயே பாட்டரியை மாட்டி, கன்ட்ரோலர் பக்கத்துத் துளைகளை மட்டும் அளந்தேன். இதை மீட்டரின் ஊசிமுனை நழுவாமல் செய்ய வேண்டும். நழுவிப் பக்கத்துத் துளையையும் தொட்டால் இத்தனை பாடும் வீண். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 40.3. நீலத்தில் ஒன்றுமில்லை, பொத்தானை இன்னும் அழுத்தவில்லையே. கணக்கு சரி. என் கிட்டில் மின்சாரம் வரும் பக்கம் துளை, வாங்கும் பக்கம் ஊசி, நம் வீட்டுச் சுவர் பிளக்கைப் போலவே. பாட்டரி மாட்டியிருக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியில் மின்சாரம் இருக்கக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

பாட்டரியை மறுபடி அணைத்து, ரப்பர் வளையத்தைச் சுற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவி, அம்பும் அம்பும் பார்க்க வைத்து, நேராக, நேராக மட்டும், அழுத்தினேன். மெல்லப் படிந்து உட்கார்ந்தது. பாட்டரி. பொத்தான். திரை எரிந்தது. முப்பது வரவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றினேன். மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. இதுவரை ஓடிய கிலோமீட்டர் கணக்கும் திரையில் அப்படியே இருந்தது.

கேபிளைக் கட்டும்போது கனெக்டருக்கு முன்னால் ஒரு சின்னத் தொங்கலை விட்டேன். மழைநீர் கேபிளோடு வழிந்து வந்தால், கனெக்டருக்குள் போகாமல் அந்தத் தொங்கலின் அடியிலிருந்து சொட்டிவிடும். கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, கேபிள் எங்கும் விறைக்காத அளவுக்குத் தளர்வு வைத்தேன். டிசம்பரில் இரண்டு நாள் தொடர்ந்து பெய்தபோது வேளச்சேரி பிரதான சாலையில் கணுக்கால் தண்ணீரில் ஓட்டி வந்து, அன்றிரவே பிரித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது. அப்படிப் பிரித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கமில்லை என்று தெரியும், ஆவல் விடவில்லை.

பொங்கலுக்கு மறுவாரம் மறுபடியும் பின்சக்கரம் பஞ்சர். பெரியவரிடமே போனேன். அவர் கைகள் வண்டியைக் கவிழ்க்கப் போவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்து, திரையைக் காட்டி, கேபிளைக் காட்டி, செப்டம்பரில் நடந்ததைச் சொன்னேன். என் திருகலையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இரண்டு செங்கற்களை எடுத்து வந்தார். ஒவ்வொன்றின்மேலும் பழைய டியூபைச் சுற்றிக் கட்டினார். கைப்பிடியின் இரு முனைகளும் செங்கலில் உட்கார, திரை தரையைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் தலைகீழாகத் தொங்கியது. குனிந்து அந்த இடைவெளியில் கையை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"டிவி பத்திரம்" என்றார்.